சமையலறை இருந்த புல்வெளி

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம்தான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம், இருக்கு" என்பீர்கள். நானும் "ம்" என்பேன். அதோடு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

விமானப்படைத் தளத்தைப் பூங்காவாக்கித் திறந்துவிட்டார்கள். நீங்களெல்லாம் மாற்றலாகி வடக்குத் தளத்துக்குப் போனதிலிருந்து முள்கம்பிக்குள் புதர் மண்டிக் கிடந்த இடம். இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். கடை விடுமுறையன்று நானும் போனேன். வாசலில் பழைய பழக்கத்தில் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. கேட்கத்தான் ஆளே இல்லை.

ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். உங்கள் தீயணைப்பு நிலையம் காபிக் கடையாகிவிட்டது. வண்டி நின்ற இடத்தில் மேஜை நாற்காலி. வராத தீக்காக நீங்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த இடத்தில் ஒருவர், காபி சூடாக இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நம் குடியிருப்பு வரிசையை மட்டும் அடியோடு இடித்துப் புல் வளர்த்திருக்கிறார்கள். நம் வீடு எங்கே இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை வருஷம் நின்று சமைத்த சமையலறை எந்தப் புல்லுக்கு அடியில் இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் தோட்டைத் தொலைத்தவள் என்று நினைத்திருப்பார்கள். நீங்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பீர்கள்.

வரச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணாடிக்கடைக்காரி


மார்ச் 13

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால், மாடிப்படியைக் கண்டால் மட்டும் முனகுகிறது. மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கிறது.

நம் நிலையத்தில் காபி விற்கிறார்கள் என்று இங்கே பழைய ஆட்களிடம் சொன்னேன். "போய் ஓசியில கேளு வாளி, அது நம்ம சுவருன்னு சொல்லு" என்று ஒரே சிரிப்பு. வாளி என்ற பட்டப்பெயர் இந்தத் தளத்துக்கும் என்னோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது, பார்.

தண்ணீர்க் கோபுரம் இன்னும் நிற்கிறதா? நின்றால் கவலையே இல்லை, அதை வைத்து உன் சமையலறையின் மூலை வரைக்கும் காட்டிவிடுவேன்.

ஒரு விஷயம். மே மாதத்தோடு எனக்குப் பணி ஓய்வு. பெரிய அதிகாரி கூப்பிட்டு, "புதுப் பசங்களுக்குப் பயிற்சி குடுக்க இன்னும் மூணு வருஷம் ஒப்பந்தத்துல இருக்கீங்களா?" என்று கேட்டார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுதினேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ எதற்கும் சிரமப்படாதே. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அன்புடன்,
வாளி


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

தாராளமாக வாருங்கள். தண்ணீர்க் கோபுரம் இருக்கிறது. அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள்.

சாயங்காலம் மட்டும்தான் பஸ் என்றில்லை. மறுநாள் காலையிலும் இருக்கிறது. சொல்லி வைக்கிறேன்.

ஒப்பந்த விஷயத்தில் நான் என்ன சொல்ல? உங்கள் வேலை. நீங்களே யோசித்துச் செய்யுங்கள்.

நம் பெண்ணிடம் நீங்கள் வருவதைச் சொன்னேன். "அப்பாவா? தங்குவாரா?" என்றாள். "எனக்கென்னடி தெரியும், உங்கப்பாவைக் கேளு" என்றேன்.

உங்கள் கண்ணாடிக்கடைக்காரி


ஏப்ரல் 23

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடனே எழுதியிருக்க வேண்டும். மனசு ஒரு நிலையில் இல்லை.

புல்வெளியில் நாம் நின்றபோது காவலாளி விசில் ஊதினாரே, அதை இங்கே நான் சொல்லாத ஆளில்லை. "சார், புல்லு மேல நிக்கக் கூடாது." "இது எங்க வீடுப்பா, நாங்க நிக்கிறது படுக்கையறை." "எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க, எங்க வரிப்பணம்னு." அந்த மனிதர் அப்படிச் சொன்னதும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

அப்புறம் ஓடுபாதை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரமாவது இருக்கும். நான் வாய் ஓயாமல் பேசினேன். எந்தக் கொட்டகை எங்கே இருந்தது, தண்ணீர்க் குழாயை எத்தனை பேர் சேர்ந்து பிடிப்போம், எந்த அதிகாரி எங்கே வழுக்கி விழுந்தார் என்று எல்லாம். எதைப் பேச வந்தேனோ அதைத் தவிர மற்றதெல்லாம் பேசினேன். ஓய்வு பெற்றதும் அங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்கத்தான் வந்தேன். கேட்க வாயெடுத்தேன். அப்போது நீ, "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?" என்றாய். எழுந்துவிட்டேன்.

நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம்.

வாளி


மே 2

அன்புள்ள உங்களுக்கு,

"இல்ல, காலையில போறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதற்காகத்தான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன்.

பின்னறையைக் காலி செய்து வைத்திருந்தேன். புது விரிப்பு, புதுத் தலையணை உறை. தையல் மெஷினை நான் ஒருத்தியே கூடத்துக்கு இழுத்துப் போட்டு இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்தீர்கள், தண்ணீர் குடித்தீர்கள். "மெஷின் வழியில இடிக்குதே" என்றீர்கள். அது ஏன் அங்கே வந்தது என்று கேட்கவில்லை.

உங்களுக்கு மாற்றல் வந்த அன்றைக்கும் இப்படித்தான். மூன்று தளத்துக்கு உங்கள் பின்னால் வந்தேன். ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் அதே திரைச்சீலைகளை வெட்டி ஒட்டுப் போட்டேன். இந்த ஊரில்தான் எனக்கென்று மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வேலை, ஒரு மேஜை, என் பெயரைச் சொல்லித் தேடிவரும் வாடிக்கையாளர் என்று அமைந்தது. வடக்கே மாற்றல் என்றதும் "இந்தத் தடவை நான் வரலை" என்றேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். அவ்வளவுதான். நீ இல்லாமல் எப்படி என்று ஒரு சண்டையாவது போடுவீர்கள் என்று பார்த்தேன். பெட்டிக்குப் பூட்டுத் தேடப் போய்விட்டீர்கள். நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்ள?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதா? ஏப்ரல் முடிய இன்னும் நாள் இருந்ததே.

உங்கள் கண்ணாடிக்கடைக்காரி


மே 11

என் அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

"உன் இஷ்டம்" என்று நான் சொன்னது மரியாதை என்று நினைத்து. மூன்று தடவை உன்னை இழுத்தடித்தவன், நாலாவது தடவையும் வா என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் வண்டி புறப்படும் வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ பெட்டியோடு ஓடி வருவாய் என்று. பக்கத்தில் இருந்தவன் "என்ன வாளி, எதையாவது மறந்துட்டியா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மெஷின் விஷயத்தை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதிகாரியிடம் விசாரித்தேன். ஒரு மாதத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாமாம். நீ "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுது, போதும். மறுநாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
வாளி


ஜூன் 6

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். அந்த நினைப்பிலேயே கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசற்படியில் தடுமாறி, அப்படியே திரும்பி வந்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

"வாங்க" என்று எழுதியும் பார்த்தேன். மடித்து உறைக்குள் போட்டேன். தபாலில் சேர்க்கவில்லை.

"வருகிறேன்" என்று நீங்கள் ஒரு வரி போட்டிருந்தால், நான் பஸ் நிலையத்தில் வந்து நின்றிருப்பேன். நீங்கள் மறுபடியும் என்னையே சொல்லச் சொல்கிறீர்கள். நான் சொல்லி நீங்கள் வந்தால், வேலையில்லாமல் நீங்கள் ஜன்னலோரம் உட்காரும்போதெல்லாம் என்னால்தானோ என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊர் ஊராக உங்கள் பின்னால் வந்தபோது என் முகத்தை நீங்கள் அப்படித்தானே பார்த்தீர்கள். ஒரு வீட்டுக்கு அது ஒரு தடவை போதும்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. "இருங்க" என்று சொல்ல எனக்கும் அன்று வாய் வரவில்லை. பெஞ்சில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். இந்த வருத்தம் எனக்குச் சீக்கிரத்தில் தீரப் போவதில்லை.

ஒப்பந்தத்தை விடாதீர்கள். பசங்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுங்கள். முழங்காலுக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன். படியேறும்போது போட்டுக்கொள்ளுங்கள். கடிதம் எழுதினால் கட்டாயம் பதில் போடுவேன். இந்தப் பக்கம் வந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், பூங்காவில் பார்ப்போம்.

பின்னறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். அறை பார்க்க வந்தபோது ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஏதோ விமானத் தளம் இருந்துச்சாமே அக்கா, சத்தம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

சரியென்று போய், மறுநாளே பெட்டியோடு வந்துவிட்டாள்.

அன்பு மாறாமல்,
கண்ணாடிக்கடைக்காரி