கிழிந்துபோன மூலையில் இருந்த அளவு

ஹனோவர், 1891 அக்டோபர் 11, ஞாயிறு

அன்பு மகள் ஒட்டிலிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று சொன்னால் பொய்யாகும். நீயும் குழந்தையும் மாப்பிள்ளை கெப்ஹார்ட்டும் சுகமாக இருப்பதாக உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால் போதும். நீங்கள் அமெரிக்கா போன இந்த நாலு வருஷமும் அம்மாதான் எழுதினாள், நான் அடியில் கையெழுத்து மட்டும் போடுவேன். இன்று அவள் பேனாவை என் கையில் திணித்து, "இத நீங்களே எழுதுங்க, உங்க வாய்க்கொழுப்புக்கு நான் ஏன் மை செலவழிக்கணும்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மூன்று மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை.

நான் வரைந்த விரைவு ரயில் எஞ்சின்களில் ஒன்று ஆகஸ்டில் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. சாவு இல்லை. கரி அள்ளிப் போடுகிறவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, அவர் இன்னும் படுக்கையில்தான். ஓட்டியவர் நம் ப்ராக்மன், உன் கல்யாணத்தில் ஆடி ஆடி நாற்காலியை உடைத்தாரே அவர்தான். வசந்தத்திலேயே அவர் வரைபட அறைக்கு வந்து, "ஐயா, எழுபது கிலோமீட்டரத் தாண்டினா உங்க எஞ்சின் வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுது" என்றார். நான் தலை நிமிராமலே, முன்சக்கர ஸ்ப்ரிங்கை நன்றாக இறுக்கிவிடுங்கள், ஆட்டம் நின்றுவிடும் என்றேன். சொன்னபடியே இறுக்கினார். வளைவில் முன்னாலிருந்த அந்த ஒற்றை ஜோடிச் சக்கரம் திரும்ப மறுத்துத் தண்டவாளத்தின் மேல் ஏறிவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் ஸ்ப்ரிங்கைப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் அனுமதியில்லாமல் கை வைத்திருக்கிறார், வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். என் வாய்ச்சொல்லுக்குக் காகிதம் கிடையாது. ப்ராக்மனும் என் பேரைச் சொல்லவில்லை. பத்து நாள் நானும் சொல்லவில்லை ஒட்டிலி, அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினோராம் நாள் அவர் மனைவி காய்கறிச் சந்தையில் அம்மாவிடம், "உங்க வீட்டுக்காரர் நல்லா தூங்குறாரா" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னாள்.

மறுநாள் விசாரணைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இறுக்கச் சொன்னது நான், தப்பு ஸ்ப்ரிங்கில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது என்றேன். சிலிண்டர் இரண்டும் முன்சக்கரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்க, கொதிகலனைத் தாழ்த்தி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று இருபது வருஷம் நம்பியவன் நான். பிறகு என் மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து கெப்ஹார்ட் வரைந்த எஞ்சின் படத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தேன். ஆமாம், அதே படம்தான். முன்னால் நாலு சின்னச் சக்கரம் தனி வண்டியாக, வளைவில் தன்பாட்டுக்குத் திரும்புகிற மாதிரி, அதன் மேல் கொதிகலன் உயரமாக. "அமெரிக்காக்காரன் தண்டவாளம் கோணல், அவனுக்கு இந்த ஆட்டுக்கால் வேணும், நம்ம தண்டவாளம் நேர்டா" என்று வரைபட அறை முழுதும் சிரிக்கும்படி அன்று நான் பேசியதும், அவன் படத்தை விடாமல் பிடித்ததும், நான் பிடுங்கியதும் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை என்றும் பாராமல் நடந்துகொண்டேன். அந்த மாதமே நீங்கள் கப்பல் ஏறினீர்கள்.

ப்ராக்மன் மறுபடி எஞ்சினில் ஏறிவிட்டார், ஆனால் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவதோடு சரி. என்னைத் தலைமை நாற்காலியிலிருந்து ஜன்னலோர மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு சின்னச் சக்கர எஞ்சினை வரையச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் படத்தில் இருக்கிறது. முன்வண்டி திரும்புகிற நடு ஆணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் நகரலாம் என்ற அளவு மட்டும் இல்லை. அது நான் பிடுங்கியபோது கிழிந்த மூலையில் இருந்தது. அந்த மூலை அவன் கையிலேயே நின்றுவிட்டது, வைத்திருக்கிறானோ கடலில் எறிந்தானோ தெரியாது.

குழந்தைக்கு அம்மா பின்னிய கம்பளித் தொப்பியை அடுத்த கப்பலில் அனுப்புகிறோம், குளிருக்கு முன் வந்து சேரும். நீ ஈரத் துணியோடு வாசலில் நிற்காதே, உனக்குச் சிறுவயதிலிருந்தே நெஞ்சு சளி. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. மறக்காமல் இந்தக் கடிதத்தைக் கெப்ஹார்ட்டுக்கு முழுதாகப் படித்துக் காட்டு, வெட்கமான இடத்தையும் விடாதே. அந்த அளவை இரண்டு நாள் கணக்குப் போட்டால் நானே கண்டுபிடித்துவிடலாம், ஆபீசிலும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் படத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அவன் எழுதி அனுப்பட்டும்.

உன் அப்பா,
லூடோல்ஃப் ஷ்டெக்கர்