புது லயமும் உங்கள் செவலையும்

மதினி,

இன்றைக்குக் காலையில் லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சீம்பால் வாசனை. பக்கத்துக் காம்பராக்காரர்களின் மாடு நேற்றுக் கன்று போட்டது. மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, அந்தப் பித்தளைச் சொம்ப எடுத்துட்டுப் போயி வாங்கிட்டு வரவா?" என்றாள். "தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!" என்று கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோய் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அது உங்கள் சொம்பு என்று அவளுக்கு என்ன தெரியும்?

தோட்டத்தில் இப்போது மாடு வளர்க்கச் சொல்கிறார்கள், மதினி. கேட்டால் சிரிப்பீர்கள். தேயிலை விலை விழுந்துவிட்டதாம். பாலை விற்றாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று துரைக்குத் திடீர்க் கரிசனம்.

அன்றைக்கு விலை ஏறியபோது என்ன ஆட்டம் ஆடினார்கள்! ஃபெக்டரியில் புது மெஷின், துரைக்குப் புதுக் கார், பெரிய கங்காணி வீட்டில் ரேடியோ. நமக்கு? ஞாயிற்றுக்கிழமையும் மலை ஏறலாம், கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்குக் கைக்காசு கிடைக்கும். அதுவரை, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பின்தங்கினால் நிறுவைக்கு முன்னே ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போடுவோமே, அந்த வழக்கம் ஒரே மாதத்தில் ஒழிந்தது. நான்தான் முதலில் நிறுத்தினேன். "ஒரு பிடிக் கொழுந்துல நீ கோட்டையா கட்டப்போற?" என்று முகத்துக்கு நேரே கேட்டீர்கள்.

ஆமாம், கோட்டைதான் கட்டப் பார்த்தேன். ஃபெக்டரிக்கு மேலே, மேட்டில் புது லயம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெந்துத் தரை, ஒழுகாத தகரம், காம்பராவுக்கு ஒரு ஜன்னல். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவேன்.

அதே சமயம், மாடு மேயும் புல்லுமலையையும் தேயிலை போட வளைத்தார்கள். இனி யாரும் மாடு வைத்திருக்கக் கூடாது என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் உத்தரவு. எல்லோரும் ஹட்டன் மாட்டு யாவாரியிடம் தள்ளிவிட்டார்கள். நீங்கள் மட்டும் மசியவில்லை. அண்ணன் செத்த பிறகு உங்களுக்கென்று இருந்தது அந்தச் செவலைப் பசு ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாழடைந்த கொட்டகையில் அதை ஒளித்துக் கட்டினீர்கள். பெரட்டுக்கு முன்னே போய்க் கறந்து, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, முதல் சொம்பை என் பிள்ளைக்குத்தான் கொடுத்தீர்கள். எனக்குப் பால் வற்றிப் போயிருந்தது.

பெரிய கங்காணி என்னைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தனியே கூப்பிட்டார். "மாடு இருக்குற லயத்துக்குப் புதுக் காம்பரா கெடையாதுன்னு தொர சொல்லிட்டாரு. ஒன் மதினி எங்க கட்டியிருக்குன்னு சொல்லு. மூலக் காம்பரா ஒனக்குத்தான்."

சொன்னேன், மதினி. யோசிக்கக்கூட இல்லை. ஆற்றுப் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். உங்கள் பாலைக் குடித்த பிள்ளை அப்போது என் இடுப்பில் இருந்தாள்.

மறுநாள் யாவாரி செவலையை இழுத்துப் போனான். நீங்கள் அழவில்லை. நேரே என் வாசலுக்கு வந்து சொம்பை நீட்டினீர்கள். கடைசியாகக் கறந்த பால், சூடுகூட ஆறவில்லை. "புள்ளைக்குக் குடு. நாளையிலேர்ந்து பாலுக்கு எங்க போவ?" என்றீர்கள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தீர்களா? இந்த ஒரு கேள்வி என்னை இன்றுவரை அரித்துத் தின்கிறது.

புதுக் காம்பரா குடும்பக்காரர்களுக்குத்தான், ஒண்டிக்கட்டைக்கு இல்லை என்று உங்களைப் பழைய லயத்திலேயே விட்டுவிட்டார்கள். அடுத்த அடைமழையில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே, நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தீர்கள். அன்றைக்கு நான் மூலைக் காம்பராவில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். தூ, நானும் ஒரு மனுசி! புல்லுமலையில் நட்ட தேயிலைக் கன்றுகளும் அந்த மழையோடு சரிந்து போயின. இப்போது அங்கே மறுபடியும் புல்தான் முளைத்திருக்கிறது.

பால் வந்த சொம்பை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் லயத்து வழக்கம். நாலு அரிசி, ஒரு துண்டு கருப்பட்டி, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். அன்றைக்கு உங்கள் சொம்பைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அதில் எதைப் போட்டு உங்களிடம் நீட்டுவது? நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்றே உங்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மகள் சீம்பாலோடு வந்துவிட்டாள். நான் வாயில் வைக்கவில்லை. அவள் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவி என் முன்னே நீட்டுகிறாள்.

"இதுல என்னம்மா போட்டுக் குடுக்கட்டும்?"

அரிசிப் பானையைக் காட்டினேன். உங்கள் சொம்பு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மதினி.