தண்டவாளத்தின் இருபுறமும்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்க வழியில்லை. எப்போது கூப்பிட்டாலும் உன் செயலாளர், "சார் கூட்டத்துல இருக்காரு" என்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நம் தொகுதியை ரயில் தண்டவாளத்தை எல்லையாக்கி இரண்டாகப் பிரிக்கும் மசோதாவுக்கு நீ கை தூக்கியது பேப்பரில் வந்ததிலிருந்து இங்கே உன் தொகுதி அலுவலகத்தில் ஒரே ஜனக்கூட்டம். வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நான்தான் இருக்கிறேன். தையல்காரர் வந்து, "உங்க தம்பி கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் கை தூக்கினாரா?" என்று கேட்டுவிட்டார். வரைபடத்தில் இருந்த தடித்த கோட்டை எப்போதும் இருக்கிற ரயில் பாதை என்று நினைத்துவிட்டாயாமே! செயலாளர் உளறிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

உனக்கு முன்னால் மூன்று பேர் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். முதலில் வாத்தியார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டினார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர ஒரு சுரங்கப்பாதை கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனார். அடுத்து வக்கீல் வந்தார்; ஜெயித்த பிறகு அவரைச் சுவரொட்டியில்தான் பார்த்தோம். பிறகு நர்ஸம்மா. ஆஸ்பத்திரியை வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைத்து, அதைக் காட்டியே சுரங்கப்பாதையையும் வாங்கிவிட்டார். கெட்டிக்காரி.

நேற்றைய மழையில் பேக்கரிக்காரர் மருமகளைப் பிரசவத்துக்கு அந்தச் சுரங்கப்பாதை வழியாக முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் சுகம். இனி தண்ணீர் இறைக்க பம்பு வேண்டுமென்றால் யாரிடம் போவது? தொகுதி பிரிந்தால் இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி வாக்கெடுப்பு. நாலைந்து கை குறைந்தாலே மசோதா விழுமாம். கட்சியை மீறினால் உனக்கு இனி சீட்டு கிடையாது என்பதும் தெரியும். தனியாக நிற்க நமக்கு வசதியும் இல்லை. இந்த இடத்துக்கு வர நீ பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

தம்பி, நீ கை தூக்கினால் நீ நிற்கும் தொகுதியிலிருந்து நம் வீடு பிரிந்து வேறு தொகுதிக்குப் போய்விடும், உனக்கு நான் ஓட்டுப் போட முடியாது. தூக்காவிட்டால் நீ நிற்கவே முடியாது. எப்படிப் பார்த்தாலும் என் ஓட்டு இனி உனக்கு உதவாது. ஆகவே ஓட்டைக் காட்டி மிரட்டவில்லை. அக்காவாகக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கையைக் கீழேயே வைத்துக்கொள்ளடா.

எங்கிருந்தாலும் தலை நிமிர்ந்து இரு.

உன் அக்கா