அந்தரத்தில் ஒரு கூரை

மகளின் அப்பாவுக்கு,

“நான் வாங்கினது” என்று பில்டிங் பிளாக்ஸ் பெட்டிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். மகள் அழுதாள். அதனால் கம்ப்யூட்டரிலேயே பிளாக்ஸ் அடுக்கும் சாஃப்ட்வேரை இறக்கினேன்.

“உனக்கு இதெல்லாம் வராது” என்பீர்களே, முதலில் வரத்தான் இல்லை. திரையில் ஒரு வீடு கட்டினேன்; முன்னாலிருந்து பார்த்தால் சுவரும் கூரையும் ஒட்டித்தான் இருந்தன. மகள் மவுஸைப் பிடித்து வீட்டைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

“அம்மா, கூரை அந்தரத்துல நிக்குது! நடுவுல எவ்ளோ இடைவெளி பாரு!”

சிரித்துவிட்டேன். எனக்குப் பழகிய வீடுதான்.

அழித்துவிட்டு, தரையிலிருந்து கட்டினோம். இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒட்டியிருக்கிறது. இங்கே பிளாக்ஸ் தீர்வதே இல்லை. பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புது வீட்டில் நாற்காலி இரண்டுதான் போட்டிருக்கிறோம். இடமில்லாமல் இல்லை.

இப்படிக்கு,
வராது என்றீர்களே, அவள்.