கெட்டில் கரியும் 'குயில்' படகும்

மாப்ள,

இன்று காலை படகுத்துறையில் 'குயில்' படகின் முன்பக்கம் குனிந்து, பாதி உரிந்து எழும்பி நின்ற 'கு' எழுத்தை விரலால் தொட்டேன். ஸ்டிக்கர் பசையும் ஏரித் தண்ணீரும் கலந்த அந்தப் புளித்த வாசம் வந்தது. நீ கண்ணை மூடிய பிறகு அதை நான் முகரவே இல்லை. நாம் சேர்ந்து நடத்திய ஸ்டிக்கர் கடைக்கு இப்போது பைக்கும் ஜீப்பும்தான் வருகின்றன.

படகுத்துறை மேனேஜர் எல்லா எழுத்தையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. பெயர் தொங்கும் படகில் எந்தக் குடும்பம் ஏறும்? ஆனால் நீ ஒட்டிய எழுத்து ஊட்டியில் இந்தப் படகில்தான் மிச்சம். மற்றவற்றுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். எழும்பிய ஒன்றை மட்டும் சரிசெய்கிறேன், நிற்காவிட்டால் மொத்தத்தையும் உரித்துவிடலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சரி, மதியம் வந்து பார்க்கிறேன் என்று போனார்.

அதை ஒட்டிய நாளில் புல்லெல்லாம் உறைபனி. சில்லிட்ட படகில் ஸ்டிக்கர் பிடிக்காது. பக்கத்தில் பிளக் இல்லாததால் ஹேர் டிரையர் பையிலேயே கிடந்தது. வெயில் ஏறட்டும் என்றேன். நீயா கேட்பாய்? டீக்கடையிலிருந்து தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் கெட்டிலோடு வாங்கி வந்து, சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி படகின்மேல் தேய்த்தாய். தேத்தண்ணி என்பது இலங்கைத் தோட்டத்திலிருந்து உன் அம்மா கொண்டுவந்த சொல். உன்னால் எங்கள் வீட்டிலும் அத்தா முதல் பிள்ளைகள் வரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"தேத்தண்ணி ஆறினா ஆறிட்டுப் போவுது மாப்ள. படகு ஆறுறதுக்குள்ள எழுத்தக் குடு" என்றாய்.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நீ ஒட்டினாய். பிறகு ஆறிப்போனதைக் குடித்தோம். கெட்டிலின் கரி படகெல்லாம் அப்பியிருந்தது. அதைத் துடைத்து முடிக்கவே மதியமாகிவிட்டது. அதற்குள் வெயிலும் நன்றாக ஏறியிருந்தது.

இப்போது துறையில் பிளக் இருக்கிறது. டிரையரால் சூடு காட்டி 'கு'வை மெல்ல உரித்தேன். பசைப் பக்கத்தில் கரியோடு ஒரு பெருவிரல் தடம், ரேகை கலையாமல் இருந்தது. உன்னுடையதுதான், அன்று நான் கெட்டில் பக்கமே போகவில்லை. கரி பட்ட இடத்தில் பசை பிடிக்கவில்லை, தண்ணீர் புகுந்து எழும்பிவிட்டது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதுவிட்டேன்.

துடைத்தால்தான் எழுத்து நிற்கும், ஆனால் உன் விரல் போய்விடும். துடைக்காமல் ஒட்டினால் மறுபடி எழும்பும், மேனேஜர் மொத்தத்தையும் உரிக்கச் சொல்லுவார். ஸ்பிரிட் துணியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செல்போனில் ஒரு படம் எடுக்கலாமா என்று கூட நினைத்தேன். நீ செய்த ஒரே தப்பைப் படம் பிடித்துக் கடையில் மாட்டினால் என்னைச் சும்மா விடுவாயா?

துடைத்துவிட்டேன், மாப்ள. புதுப் பசை தடவி, சூடு காட்டி, ஓரமெல்லாம் அழுத்தித் தேய்த்தேன். மேனேஜர் வந்து வாளித் தண்ணீரை வீசி ஊற்றிப் பார்த்தார். 'கு' அசையவில்லை. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் தடம் போய்விட்டது. உன் அவசரம் என்னிடம் தங்கிவிட்டது போலிருக்கிறது. வெயிலுக்குக் காத்திருக்கிற பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருக்கிறது, இன்றுதான் கவனித்தேன். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

படகை அவிழ்க்க வந்த படகோட்டி புதியவர், உன்னைப் பார்த்ததில்லை. பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மத்த எழுத்தெல்லாம் இத்தன மழைக்கும் அசையலீங்களே, யாருங்க ஒட்டுனது?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருந்தானுங்க" என்றேன்.