பெட்டி சாகவில்லை, பூசையில் இருந்தது

கதிரவெளி,
24.10.2010

அன்பு மகன் சுபாகரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம், அங்கே நீ தடிமன் இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் விடிந்தாலும் பொழுதுபட்டாலும் எங்கள் இரண்டு பேருடைய கும்பிடும். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்தபாடில்லை, ஆனாலும் வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகாமல் இருக்க அவருக்கு ஏலாது, நான் ஏசினால் நோ காலில்தான் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டு போகிறார். நீ அனுப்பிய சுவெட்டரை இந்த ஊர் வெக்கையில் எங்கே போடுவது, இருந்தாலும் தபால்காரருக்குக் காட்டவேண்டும் என்று ஒரு நாள் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகப் படலையில் நின்றார். மண்டூரில் அக்காவுக்கு ஏழாம் மாதம், வட்டையில் விதைப்பு முடிந்து அத்தானும் சற்று ஆறியிருக்கிறார். மாரி பிறக்க முதல் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் என்றால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், அதற்குள் கார்ட் முடிந்துவிடும். இதை ஆறுதலாக இருந்து வாசித்து, உங்கள் கந்தோரில் பள்ளிக்கூடங்களுக்குப் பாடப் பெட்டி கொடுக்கிற பகுதியில் இருப்பவர்களுக்கு இங்கிலிசில் மாற்றிச் சொல்லவேண்டும். அவர்கள் எங்கள் பெட்டியைக் கழற்றி எடுக்கப்போகிறார்களாம். ஒன்பது நாளாக அதில் உயிரில்லை, அங்கே யாரும் பாவிப்பதாகத் தெரியவில்லை, தீபாவளிக்கு முதல் மறுமொழி வராவிட்டால் வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று மடல் வந்திருக்கிறது. பிழை என்னுடையது மனே. உன் அம்மா செய்த பிழையை உன் அம்மாவே எழுதுகிறேன்.

இந்தப் பெட்டி வருவதற்கு முதல் எங்கள் நிலைமை உனக்குத் தெரியும். சுனாமியில் கடல் கொண்டுபோன பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டிக் கூரை போட்டு ஒரு வருடம் ஆகவில்லை, ஷெல் விழுந்து எல்லோரும் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை, விஞ்ஞான அறையும் இல்லை. சண்டை முடிந்து ஒன்றரை வருடமாகிறது, இன்னும் விஞ்ஞானத்துக்கும் நான் ஒருத்தி, அதிபர் கதிரையிலும் நான் ஒருத்தி. கரும்பலகையில் நான் கீறின இருதயத்தைப் பார்த்து இது மாங்காயா ரீச்சர் என்று ஒன்பதாம் வகுப்பே கேட்டது. இன்டர்நெட் டொங்கிளைச் செருகி வீடியோ காட்டலாம் என்றால் அரை நிமிடம் ஓடும், மறுகா நடுவில் ஒரு வட்டம் வந்து சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பாட நேரம் முழுக்க வட்டத்தைப் பார்த்துவிட்டு மணி அடித்துப் போன நாளும் உண்டு. பிள்ளைகள் அதற்குச் சுற்றுப் பாடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நீ செய்கிற வேலையை நாலு வருடமாக எனக்கு ஊருக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. அப்பா நீ பெட்டி வேலை செய்கிறாய் என்று சொல்லித் திரிந்தார், ஆச்சிப்பிள்ளை மாமி அதைச் சவப்பெட்டி என்று எடுத்துக்கொண்டு, கனடாவிலயும் அவ்வளவு சனம் சாகுதாகா என்று என்னிடம் துக்கம் விசாரித்தா. ஆனி மாதம் பிஸ்கட் டின் அளவில் பெட்டி வந்து இறங்கியபோது நீ போனில் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. சீனி வாங்க எல்லோரும் கொழும்புக்குப் போவதில்லையே அம்மா, சங்கக்கடையில் கொண்டுவந்து வைத்தால் அங்கே வாங்குகிறோம், பாடத்தையும் அப்படித்தான் ஒவ்வொரு ஊராகப் பிரதி எடுத்துக் கிட்டக் கிட்ட வைத்துக்கொண்டு வருகிறோம் என்றாய். அமெரிக்காவில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, கொழும்பில் ஒன்று, வந்தாறுமூலையில் ஒன்று, கடைசியில் கதிரவெளியில் என் மேசைக்குக் கீழே ஒன்று. ஒரு பிள்ளை ஒரு தடவை கேட்டால் போதுமாம், அதற்குப் பிறகு கேட்கிற எல்லாப் பிள்ளைக்கும் அது பக்கத்திலேயே இருக்குமாம். யார் மனே இதை முதல் முதல் நினைத்தது? வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கொம்பியூட்டர் பார்க்க வருகிற சரீப் தம்பி, அது கடலுக்கு அடியால கம்பியிலதான் வாற ரீச்சர் என்றார். எந்தக் கடல் என்று கேட்டேன். எல்லாம் ஒரே கடல்தானே என்று சிரித்தார். நான் ஆறு வருடமாகக் கடற்கரைப் பக்கம் முகம் கொடுத்ததில்லை, உனக்குத் தெரியும். அன்று பின்னேரம் தனியாகப் போய் நின்று பார்த்தேன். எங்களிடமிருந்து அவ்வளவையும் எடுத்துக்கொண்டு போன அதே தண்ணீருக்குக் கீழே ஒரு கம்பி கிடந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டுவருகிறதா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் வெகுநேரம் நின்றேன்.

இனி மேனுகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நண்டு விற்கிற உசாந்தியின் மகள், நீ போகும்போது சின்னப்பிள்ளை. 2006 இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடும்போது பக்கத்தில் ஷெல் விழுந்து இரண்டு காதும் போய்விட்டது, அப்போது பத்து வயது. பேச்சு வரும், ஆனால் தன் குரல் தனக்குக் கேளாததால் சத்தம் கூடிப்போகும், பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் வாயை மூடிக்கொண்டாள். நாலு வருடம் கடைசி வாங்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு குணம் மட்டும் உண்டு, எழுத்து என்று கண்டால் விடமாட்டாள், பாண் சுற்றின பேப்பரையும் மருந்துப் போத்தலையும் வாசித்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் பெட்டியில் இருதயப் பாடம் போட்டேன். வட்டம் சுற்றவில்லை, மூச்சு விடாமல் ஓடியது. பேச்சு இங்கிலிசு, கீழே தமிழ் எழுத்து. அந்த வெள்ளைக்காரர் பேசுகிற வேகத்துக்கு எனக்கே பாதிதான் விளங்கியது, உன்னிடம் மறைப்பானேன். பிள்ளைகள் எழுத்தை வாசித்து முடிப்பதற்குள் எழுத்து போய்விடுகிறது. சொன்னால் நம்பு, அன்று அந்த வகுப்பில் முப்பத்தொரு பேரும் செவிடு. எழுத்தோடு ஓடப் பழகியிருந்தவள் மேனுகா ஒருத்திதான். திடீரென்று கடைசி வாங்கில் சிரிப்புச் சத்தம். என்ன என்று சைகையில் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தரம் அடிக்குதாம் ரீச்சர், சம்பளம் கேக்கிறல்லியாம் என்றாள். வகுப்பு வாயைப் பிளந்தது. அவளை முன்னுக்குக் கூப்பிட்டு ஓடுகிற எழுத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன், ஒருவரும் அவள் குரலுக்குச் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து படம் போட்டால் அவள்தான் வகுப்புக்கு வாய்.

அப்புறம் வாணி விழா வந்தது. புத்தகம், பேனை, பூகோள உருண்டை எல்லாம் கும்பத்தடியில் வைக்கும்போது காவலாளி கோணாமலை அண்ணன் பெட்டியைக் காட்டி, இதுவும் படிப்புச் சாமான்தானே ரீச்சர் என்று கேட்டார். ஓம் அண்ணன், நாலு மாதம் ஓயாமல் படிப்பித்தது, அதுவும் கொஞ்சம் ஆறட்டும் என்று சொன்னது நான்தான். வயரைக் கழற்றி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சிவப்புப் பட்டுத் துண்டு சுற்றி வாணிக்குப் பக்கத்தில் இருத்தினோம். ஒன்பது நாளும் அவலும் கடலையும் அதற்கும் சேர்த்துத்தான் படைத்தோம். நாளாந்தம் அது உங்கள் பக்கத்துக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லவேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. விஜயதசமி முடிந்து திங்கட்கிழமை வயரைக் கொழுவினால், அதற்குள் சரீப் தம்பி மோட்டார் சைக்கிளில் மடலோடு வந்து நிற்கிறார். ரீச்சர், அவங்கட கணக்கில இந்தப் பொட்டி மவுத்து என்றார். அது சாகல்ல தம்பி, பூசையில இருந்த என்றேன். அந்த மனிசன் தலையில் கை வைத்துக்கொண்டு, அதை அந்த மெசினுக்கு எப்படி ரீச்சர் நான் எழுதுற என்று கேட்டார். நீதான் எழுதவேண்டும் மனே, எங்கள் வழக்கமும் தெரிந்து அந்த மெசினும் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். வருகிற வருடம் பூ மட்டும் வைப்போம், வயரில் கை வைக்கமாட்டோம் என்றும் எழுது.

பெட்டி பூசையில் இருந்த கிழமையில் மேனுகா பழையபடி வாயை மூடிக்கொண்டாள். உசாந்தி வந்து, இனி அவ வரமாட்டா ரீச்சர், நண்டு பொதி பண்ற இடத்துக்கு என்னோட கூட்டிப் போறன், காது கேளாத புள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்றாள். ஒரே ஒரு நாள் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுச் சொல் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். செவ்வாய்க்கிழமை வந்து பின்னால் நின்றாள். அன்றைக்கு என்ன பாடம் போடலாம் என்றால் மேனுகா தானாகவே கண்ணும் காதும் என்ற பாடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் இருக்கிற வகுப்பில் காதைப் படிப்பிக்க எனக்கு மனம் வராமல் போன தவணை முழுக்கத் தள்ளிப்போட்ட பாடம் அது. மேனுகா வாசித்துக்கொண்டு வருகிறாள். பெரிய வெடிச்சத்தம் காதுச் சவ்வைக் கிழிக்கும், உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு இடத்தில் இருக்கிற மிக நுண்ணிய மயிர்களை அழித்துவிடும், அவை திரும்ப முளைப்பதில்லை. பின்னால் உசாந்தி, அப்ப எண்ணெய் இல்லியா ரீச்சர் என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. முகாமில் இரத்தம் வந்த காதுக்கு அவள் நல்லெண்ணெய் காய்ச்சி விட்டிருக்கிறாள், நீ எண்ணெய் விட்டுத்தான் புள்ளைட காதைக் கெடுத்த என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு வருடம் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் விஞ்ஞான ரீச்சர், ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எண்ணெயால் இல்லை உசாந்தி, வெடியால்தான் என்றேன். அவள் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். என்ன என்று மேனுகா என்னைப் பார்த்தாள், நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்து, அந்தப் பெரிய குரலில், நீங்க எண்ணெய் விட முதலே எனக்குக் கேக்கல்லம்மா என்றாள்.

அதற்குப் பிறகு உசாந்தி அந்த இடத்தை இன்னொருக்காப் போடச் சொன்னாள். போட்டோம். இன்னொருக்கா என்றாள். ஒரு தடவைகூட வட்டம் சுற்றவில்லை மனே, கேட்ட உடனே வந்தது, ஒவ்வொரு தடவையும் மகள் வாசித்தாள், தாய் பார்த்தாள். புதன்கிழமை காலை மேனுகாவை அவளே படலை வரை கொண்டுவந்து விட்டாள். பெட்டி இருக்குந்தானே ரீச்சர் என்று மட்டும் கேட்டாள், இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உன்னை நம்பித்தான் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அப்பாவும் நானும் எங்கள் நல்ல காலம் முழுவதையும் உன் தலையில் வைத்து வாழ்த்துகிறோம், முருகன் துணை நிற்பார். இந்தக் கடிதத்தைச் சரீப் தம்பி வாழைச்சேனையில் படம் எடுத்து உனக்கு இன்றைக்கே அனுப்புவார். மறக்காமல் ஒன்று சொல். பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் பிறகு கதிரவெளியில் ஒரே பாடம், ஒரே இடம், ஆறு தடவை என்று உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். மெசின் பிழை என்று யாரும் அதை அழித்துவிடவேண்டாம். அது ஒரு தாய் பார்த்தது.

உன் அன்பு அம்மா,
நாகரெத்தினம்