முப்பத்தொன்று சி-யில் ஏன் உட்காரவில்லை?

அன்புள்ள அப்பா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தாலே "யாருக்கு என்னாச்சு?" என்று பதறுகிறவர் நீங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாப்பா தூங்கிவிட்டாள். இவர் இரவு டூட்டிக்குக் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகிறது. கதவோரம் ஷூ பாலிஷ் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வாசனைக்கு நான் இப்போதும் உங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

ஷூவைத் தேய்த்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், இவர் இன்று ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பது?

பேச்சு அம்மாவைப் பற்றித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் அம்மா இங்கே துபாய்க்கு வருகிறாள். போன வருடம் நாம் எல்லாரும் சேர்ந்து போகவேண்டியிருந்த அதே கப்பலில் போகவேண்டுமாம். இவர் விமானக் கம்பெனியில் வேலை செய்வதால் உங்கள் இருவருக்கும் கிடைக்கிற ஸ்டாண்ட்பை டிக்கெட்டிலேயே வருகிறாளாம். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறியபின் சீட் மிச்சம் இருந்தால் ஏறலாம், இல்லையென்றால் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பலாம் என்கிற டிக்கெட். எனக்கு அதில் சம்மதமில்லை.

"முழு டிக்கெட்டே வாங்கிடலாங்க. அம்மா தனியா ஏர்போர்ட்ல காத்துக் கெடக்க வேண்டாம்."

"லோடு நல்லா இருக்கு. இருபது சீட் காலி. எதுக்குப் பயப்படறே?"

"அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னீங்க. மூணு நாள் உக்காந்தும் சீட் கெடைக்கலையே."

"மாமாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை சீட் ஆச்சே," என்றார்.

பிரஷ் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு நின்றது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்ன சொன்னீங்க?"

"சிஸ்டத்துல பாத்தேன். முப்பத்தொண்ணு சி. போர்டிங் பாஸ் அடிச்சாச்சு. கதவு மூடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவரா கேட்டு எறங்கிட்டார்னு இருந்துச்சு."

"ஒரு வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவரு உங்கிட்ட சீட் இல்லைன்னு சொல்லியிருக்காரு. நான் வந்து, உங்கப்பா பொய் சொல்றாருன்னு சொல்லவா? கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடு. பாப்பா முழிச்சுக்கும்."

போய்விட்டார். நான் விடவில்லை. எப்படி அப்பா விடுவது?

உங்களுக்கு இந்த ஸ்டாண்ட்பை என்ன புதிதா? விமானப்படையில் இருந்த காலம் முழுக்க நீங்கள் பார்த்ததே அந்த வேலைதான். தளத்திலிருந்து கிளம்பும் கூரியர் விமானத்தில் யாரை ஏற்றுவது, யாரை நிறுத்துவது என்று லிஸ்ட் போடுகிறவர் நீங்கள். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்று அவசர லீவில் போகிறவர் முதலில். அப்புறம் டூட்டிக்குப் போகிறவர், அப்புறம் சாதாரண லீவு, அப்புறம் குடும்பத்தார். ரிட்டயர் ஆனவர் கடைசி. "பென்ஷன்காரன் கடைசி அம்மிணி, அதுல தப்பே இல்ல," என்று எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சொல்லியிருக்கிறீர்கள். பிறகு நீங்களே பென்ஷன்காரர் ஆகி, நீங்களே போட்ட வரிசையின் வாலில் போய்ச் சிரித்துக்கொண்டே நின்றீர்கள்.

தாம்பரம் விமானப்படைத் தளத்து பெஞ்ச் நினைவிருக்கிறதா? நீங்களும் உங்கள் கூட்டாளிகள் இரண்டு பேரும், மூன்று ஜோடியாக, கூரியர் விமானத்தில் போர்ட் பிளேயர் போய் அங்கிருந்து தீவுகளைச் சுற்றும் கப்பலைப் பிடிப்பதாக ஏற்பாடு. கடல் காற்றுக்குக் காது அடைக்கும் என்று அம்மா ஒரு ஸ்கார்ஃப்கூட வாங்கினாள். ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றீர்கள். மறுநாள் ஆறு பேர் பெயரையும் கூப்பிட்டார்கள். விமானத்துக்கு நடக்கிற வழியில் ஒரு சிப்பாயின் மனைவி கைக்குழந்தையோடும் மாமியாரோடும் நிற்பதைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். உங்கள் இரண்டு சீட்டையும் கொடுத்துவிட்டு, கூட்டாளிகளுக்குக் கை காட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். அடுத்த விமானம் வருவதற்குள் கப்பல் போயிருந்தது. அதற்குப் பதிலாக அம்மாவை பஸ்ஸில் மாமல்லபுரம் கூட்டிப் போனீர்கள்.

அம்மா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். "கப்பலுக்குன்னு கெளம்புன பொம்பளைய கல்லுத் தேரக் காட்டிக் கூட்டியாந்த மனுசன் இவரு."

"தேரு நகராது. வாந்தி வராது. நல்லதுதானே," என்பீர்கள்.

இந்தக் கதையை வைத்துப் பார்த்தால் அன்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். சென்னை ஏர்போர்ட்டில் ஸ்டாண்ட்பைக்காகக் காத்திருந்த கூட்டத்தில் குழந்தையோடு ஒருத்தி இருந்திருப்பாள். புருஷனைப் பார்க்கப் போகிறவள். நீங்கள் கவுண்டரில் போய், "இந்தப் புள்ளைய ஏத்துங்க சார், நான் பென்ஷன்காரன்," என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் அப்பா, இவர் கம்பெனியில் அந்த வரிசை கிடையாது. இதை இவரிடம் வாசல்வரை துரத்திக் கேட்டேன். நாம் கை காட்டுகிற ஆளுக்கு சீட் போகாதாம். வேலைக்குச் சேர்ந்த வருடத்தை வைத்து கம்ப்யூட்டர் ஒரு வரிசை வைத்திருக்குமாம். நாம் இறங்கினால் அதில் அடுத்த பெயர்.

"அப்ப அந்த சீட்ல யாரு போனா?"

"யாரோ சீனியர் ஒருத்தரோட மச்சான். துபாய்க்கு ஷாப்பிங் வந்தாப்ல," என்றார் லிஃப்டுக்குள் நின்றபடி.

அது உங்களுக்குத் தெரியுமா? கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வெளியே வந்துவிட்டீர்களா? இல்லை, அந்தப் பெண் ஏறாமல் நிற்பதையும் பார்த்தீர்களா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே என் கற்பனைதானே. அப்படி யாருமே இல்லாவிட்டால்?

அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தை நான் இத்தனை நாளும் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். புதனும் வியாழனும் உங்களுக்கு சீட் கிடைக்கவில்லை. கப்பல் வெள்ளிக்கிழமை மாலை கிளம்புகிறது. அம்மா ஒரு மாதம் முன்பே வந்து பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஒருவர்தான் பாக்கி. போன் செய்தீர்கள்.

"நாளைக்கு வெடியால ப்ளைட்டு ஒண்ணு இருக்குது அம்மிணி. சீட்டு இருந்தா ஏறுவேன், இல்லாட்டி பொட்டியத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போவேன். இதுல என்ன கெடக்குது?"

நான் கத்தினேன். அப்போதே டிக்கெட் எடுக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னேன், உங்கள் பிடிவாதத்துக்கு ஒரு அளவில்லையா என்று கேட்டேன். கடைசியாக அதைச் சொன்னேன். "வந்தா வாங்க, வராட்டிப் பரவாயில்லப்பா. நாங்க போய்க்கறோம்."

உங்களுக்குப் பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "செரி அம்மிணி," என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

எனக்கு அன்றைக்கு என்ன பயம் தெரியுமா? பாப்பாவுக்கு எட்டு மாதம். நடுக்கடலில் ஜுரம் வந்தால் என்ன செய்வேன், பால் பவுடர் தீர்ந்தால் என்ன செய்வேன் என்று ஒரு வாரமாக நான் சரியாகத் தூங்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் எதையும் சமாளிக்கலாம் என்று மனதுக்குள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம். 'நீங்க இல்லாம எனக்குப் பயமா இருக்குப்பா' என்று சொல்ல வந்தவள், வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வாயில் எப்படி அது அப்படியே தலைகீழாக வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, "சீட் ஆகல. நீங்க ஏறுங்க, நேரமாக்காதீங்க," என்றீர்கள். ஏறினோம். சாப்பாட்டு மேசையில் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர் மூன்று நாளும் வந்து, "இன்னொருவர் வருகிறாரா?" என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு முறையும் தமிழிலேயே, "அவரு பஸ்ல வர்றாருப்பா," என்றாள். மஸ்கட்டில் எல்லாரும் இறங்கி ஊர் பார்த்தார்கள். நான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அறையிலேயே இருந்தேன்.

திங்கட்கிழமை துபாய் துறைமுகத்தில் இறங்கினால், கேட்டுக்கு வெளியே பளபளக்கும் ஷூவோடு நீங்கள். ஞாயிற்றுக்கிழமை சீட் கிடைத்து வந்துவிட்டீர்களாம். செக்யூரிட்டி நேபாளக்காரரிடம் ஹிந்தியில் பேசி அதற்குள் சிநேகம் பிடித்திருந்தீர்கள். அவர் என்னிடம் வந்து, "நாற்காலி போட்டுக் கொடுத்தேன் மேடம், உட்காரவே மாட்டேன் என்கிறார்," என்று உங்களைப் பற்றிப் புகார் சொன்னார். நீங்கள் பாப்பாவை வாங்கிக்கொண்டு, "கப்பல் ஆடுச்சா, ஆடலையா?" என்றுதான் கேட்டீர்கள். இருபது நாள் எங்களோடு இருந்தீர்கள். ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. கோபமாக இருக்கிறவர் இரண்டு நாளில் திரும்ப வந்து மூட்டை மூட்டையாக முறுக்கு சுமந்துகொண்டு கேட்டில் நிற்பாரா? மாட்டார். அப்படியென்றால் என் பேச்சு காரணமில்லை. ஆனால் நீங்கள் எப்போதுமே முகம் கோணாதவர்தானே. அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எழுதவே பயமாக இருக்கிறது. அந்த இருபது நாளில் உங்கள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. "கேஸுக்கு," என்றீர்கள். பாதி காலியாக இருந்தது. நாலு மாடியும் படியிலேயே ஏறுகிறவர், அந்த முறை என்னை லிஃப்டுக்குக் கூப்பிட்டீர்கள். ஏழு மாதம் கழித்து அம்மா போன் செய்து, காபி வைத்துவிட்டு எழுப்பினால் நீங்கள் எழவேயில்லை என்று சொன்னபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த அட்டைதான். அன்று போர்டிங் பாஸ் வாங்கிக்கொண்டு நடக்கும்போது நெஞ்சைப் பிடித்ததா அப்பா? என்னிடம் சொன்னால் பதறுவேன் என்று சீட் இல்லை என்றீர்களா? இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு வந்தீர்களா? தாம்பரம் வீட்டில் அந்த இரண்டு நாள் நீங்கள் தனியாகத்தானே இருந்தீர்கள்?

ஒன்றை நினைத்தால் அதுதான் சரி என்று படுகிறது. அடுத்ததை நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

இவர் போனதும் அம்மாவுக்கு போன் செய்தேன். அவளும் தூங்கவில்லை. நான் எதையும் சொல்லவில்லை, டிக்கெட்டைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

"காசக் கரியாக்காத. நான் ஸ்டாண்ட்பைலயே வர்றேன்," என்றாள்.

"எதுக்கும்மா இந்த அடம்?"

"அந்த மனுசன் மூணு நாளு உக்காந்திருந்த எடத்துல நானும் ஒரு நாளு உக்காந்து பாக்கறேன் கண்ணு. அங்க என்னதான் நடந்துச்சுன்னு எனக்கும் தெரியோணும்."

எனக்கும் என்றாள். அப்படியென்றால் அவளும் ஏதோ நினைக்கிறாள். என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு அவள், "மழ வர்ற மாதிரி இருக்குது, துணி எடுக்கோணும்," என்று வைத்துவிட்டாள்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பொறுமை வரவில்லை. சீட்டை விட்டுக்கொடுக்கிற மனசும் வரவில்லை. பாப்பாவோடு நிற்கும்போது லிஃப்டில்கூட நான் முதலில் ஏறிக்கொள்கிறேன். ஒரே ஒரு மாற்றம்தான். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து போய்விட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நாளைக்கு வரட்டுமா என்று கேட்டாலும், "இன்னைக்கே வாங்க பாய், கண்டிப்பா வாங்க," என்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். யாரிடமும், எதற்காகவும், வராவிட்டால் பரவாயில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது அப்பா. பரவாயில்லை என்பது பொய். அன்றைக்கும் பொய்தான்.

வியாழக்கிழமைக்குள் அம்மாவின் டிக்கெட்டை முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் யாருக்கோ விட்டுக்கொடுத்துத்தான் இறங்கினீர்கள் என்றால் அவள் இஷ்டப்படியே அங்கே உட்காரட்டும். நெஞ்சு வலிதான் என்றால் அவளைத் தனியாக அங்கே விடமாட்டேன், நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டிப்போவேன். என் பேச்சுதான் என்றால், அதை மட்டுமாவது என்னிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்.

ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள் அப்பா.

உங்கள்,
அம்மிணி